வள்ளத்தின் முன்பலகை

குனி என்கிறார், குனிகிறேன், காயல் நடுவிலுள்ள மன்றோ தீவின் குறுகலான வாய்க்காலில் பாலத்தின் பாசி படிந்த அடிப்பக்கம் என் கொண்டையை உரசாத குறையாகக் கடந்து போகிறது, நிமிர்ந்தால் வெயில், தென்னை, இறால் குட்டையில் கொக்கு, அது எந்த வருடம், கல்யாணமான மறுவருடமா, அதற்கடுத்ததா, எல்லா வருடமும் கலந்து ஒரே பயணமாகிவிட்டது, மழை ஓய்ந்ததும் செங்கோட்டையில் ரயிலேறிவிடுவோம், நாலு நாள் லீவு, அதற்காகத் தீபாவளியன்றும் டியூட்டி பார்ப்பார் மனிதர், வருடமெல்லாம் மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவருக்கு ஓய்வென்றாலும் முன்னால்தான் உட்கார வேண்டும், வள்ளத்தில் முன்பலகை அவருக்கு, கழி ஊன்றும் சுகதன் பின்னால், நான் நடுவில், பாலம் வருமுன் குரல் கொடுப்பது அவர் வேலை, டிரைவர் சாரே, லைசென்ஸ் உண்டோ என்று சுகதன் சிரிப்பான், வீட்டில் பத்து வார்த்தை பேசாதவர் தண்ணீருக்கு வந்துவிட்டால் அந்தா பாருளா மீன்கொத்தி, இந்தா பாருளா ஆம்பல் என்று வாய் ஓயமாட்டார், அந்தக் குரலுக்காகவே நான் வருடம் முழுக்கக் காத்திருந்தேன்.

பிறகு அவருக்குக் கண் போயிற்று, முதலில் ஓரம் மங்கி, அப்புறம் நடுவும், பஸ்ஸை விட்டு இறக்கினார்கள், இரண்டு வருடம் காயல் பேச்சே இல்லை, இந்த வருடம் நானாகவே டிக்கெட் எடுத்துவிட்டேன், கத்தினார், குருடனுக்கு எதுக்குளா வள்ளம், ஊருக்கு வேடிக்கை காட்டவா, இந்த ஒரு தடவ வாங்க, புடிக்கலன்னா இனி ஆயுசுக்கும் கூப்பிட மாட்டேன் என்றேன், வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, அந்த நாலு நாளும் இல்லையென்றால் எனக்கென்ன இருக்கிறது.

அவரை நடுவில் பத்திரமாக உட்காரவைத்து, முன்பலகையில் அவரைப் பார்த்தபடி நான், அந்தா மீன்கொத்தி, இந்தா ஆம்பல் என்று சொல்லச் சொல்ல அவர் ம் கூடக் கொட்டவில்லை, முகம் இறுகிக் கிடக்கிறது, பிடிக்கவில்லை, அவ்வளவுதான், இனி வரமாட்டோம், அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்குக் கண் இருக்கிறதே, பாலம் வந்தால் நான் குரல் கொடுப்பேன் என்று நம்பிச் சுகதனும் பேசாமல் வருகிறான், திடீரென்று அவர், குனிளா, என்று கத்தித் தானும் குனிகிறார், எங்கே என்று நான் திரும்ப, பாலம் நெற்றியில் இடித்தது.

சுகதன் பதறி வள்ளத்தை நிறுத்தினான், ஐயோ, இடிச்சிட்டியாளா என்று அவர் கை துழாவி வந்து என் நெற்றி வீக்கத்தில் நின்றது, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிது என்றேன், பாலம் கிட்ட வந்தா காத்து குளுந்துரும், கழிச் சத்தம் திரும்பி வரும், இத்தன வருசமா வாறேன், எனக்குத் தெரியாதா, சொல்லிக்கொண்டே சிரித்தார், இரண்டு வருடம் கழித்துச் சிரித்தார், கண்ண வச்சிக்கிட்டு என்னத்தக் கிழிச்ச, எந்திரி, அது என் சீட்டு.

இடம் மாறினோம், அழுகை வந்தது, நெற்றி வலி என்று சொல்லிக்கொண்டேன், அந்தா மீன்கொத்தி கத்துது கேளுளா என்கிறார், அடுத்த பாலம் அவருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடுகிறது, சொல்லவில்லை, சுகதனுக்கும் சொல்ல வேண்டாமென்று கை காட்டிவிட்டு, இரண்டு கண்களையும் மூடிக்கொண்டு காத்திருக்கிறேன், குனி என்கிறார், குனிகிறேன்.