ஏற முடியாத நடைபாதை

பூவனாங்குடி கடைத்தெருவுக்கு நடைபாதை வந்தது கலைமகளால்தான். அவளைப் பிடிக்காதவர்களும் அதை ஒப்புக்கொள்வார்கள். கவுன்சிலரான நாளிலிருந்து பேரூராட்சிக் கூட்டத்தில் அவள் வேறு எதையும் பெரிதாகப் பேசியதில்லை. காரணம் டெய்லர் ரெத்தினம். கடையைப் பூட்டிவிட்டு ரோட்டோரமாக நடந்துபோனவரை ஒரு வேன் இடித்துத் தள்ளியதில் வலது முழங்கால் நொறுங்கிப்போனது.

ஒருவழியாக வடிகாலைக் கட்டி, மேலே சிலாப் போட்டு, சிவப்பும் மஞ்சளுமாகக் கல் பதித்தார்கள். திறப்பு விழாவுக்கு மேளமே வைத்தாள் கலைமகள்.

மறுவாரம் ஸ்கூட்டரில் போனவள் ரெத்தினத்தைப் பார்த்தாள். வாக்கரை ஊன்றிக்கொண்டு பழையபடி ரோட்டிலேயே வந்துகொண்டிருந்தார். பின்னால் நெல் மூட்டை ஏற்றிய லாரி விடாமல் ஹாரன் அடித்தது. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்னண்ணே, யாருக்காக அதைப் போட்டோம்? மேல ஏறிப் போகக் கூடாதா?"

ரெத்தினம் நின்று மூச்சு வாங்கினார். "எப்படிம்மா ஏறுறது? முழங்கால் உசரத்துக்கு இருக்கு. இந்தக் கால் மடங்குனாத்தானே?"

கலைமகள் வண்டியை நிறுத்திவிட்டுத் தானே ஏறிப் பார்த்தாள். புடவையைத் தூக்கிப் பிடித்து, கடைத் தூணைப் பற்றிக்கொண்டுதான் ஏற முடிந்தது. சந்து வரும் இடமெல்லாம் குதித்து இறங்கி, மறுபடி ஏற வேண்டியிருந்தது. மேலே கடைக்காரர்கள் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கியிருந்தார்கள்; மனிதர்கள் எல்லாம் கீழே, ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். தான் கட்டவைத்த நடைபாதையில் அன்றுதான் முதன்முதலாக நடக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

பேரூராட்சிப் பொறியாளர் பகலவன் உயரத்தைக் குறைக்க முடியாது என்றார். "ஐப்பசி மழைக்கு வடிகால் நிரம்பிடும் மேடம். தண்ணி கடைக்குள்ள போயிடும்."

"உயரம் இருக்கட்டும் சார். ஏற வழி?"

"எஸ்டிமேட்ல அது இல்லையே."

அடுத்த கூட்டத்தில் சந்து முனைகளை உடைத்துச் சரிவு போட வேண்டும் என்று எழுந்து சொன்னாள். எதிர்க்கட்சிக் கவுன்சிலர் பஞ்சநதம் விடுவாரா? "போன மாசம் ரிப்பன் வெட்டுனீங்க, இந்த மாசம் கடப்பாரையாம்மா?" என்றார். கூடமே சிரித்தது.

கலைமகளுக்கு முகம் சுட்டது. ஆனால் உட்காரவில்லை. "ஆமாங்க, கேட்டு வாங்குனது நான்தான். நடந்து பாக்காம மேளம் வச்சதும் நான்தான். இப்ப நடந்து பாத்துட்டுச் சொல்றேன். நீங்களும் ஒரு நாள் நடந்து பாருங்க."

தீர்மானம் நிறைவேறியது.

சரிவு போட்ட அன்று, ஹார்டுவேர் கடை மீரா உசேன் வாசலில் நின்று பார்த்தார். "இதுல மொதல்ல பைக்குதான் ஏறும், பாத்துக்கங்க" என்றார். அப்படியேதான் ஆனது. சாயங்கால நெரிசலில் பையன்கள் நடைபாதை மேல் சர்ரென்று பறந்தார்கள். உடனே சரிவின் வாயில் இரும்புக் கம்பங்களை நட்டார்கள். அவற்றுக்கு நடுவே ரெத்தினத்தின் வாக்கர் மாட்டிக்கொண்டது.

"வழியையும் விட்டு, வாசல்ல கம்பியும் போட்டுட்டீங்களே தம்பி" என்று அவர் பகலவனைப் பார்த்துச் சிரித்தார். பகலவன் அவருடைய வாக்கரையே வாங்கி வைத்து அளந்து, கம்பங்களைப் பிடுங்கித் தள்ளி நடவைத்தார். குடங்களை மீரா உசேன் முதலில் உள்ளே எடுத்தார். மற்ற கடைக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார்கள்.

தீபாவளிக் கூட்டத்தில் ஒரு நாள், ரெத்தினம் நடைபாதை மேலேயே நடந்து வருவதைக் கலைமகள் பார்த்தாள். பின்னால் பை தூக்கிய இரண்டு பெண்கள் அவருடைய நடைக்கு ஏற்ப மெதுவாக வந்துகொண்டிருந்தார்கள். அவளுக்கு மனசு நிறைந்தது.

"இப்ப எப்படிண்ணே இருக்கு?"

"இந்தப் பக்கம் சரிம்மா. மருந்துக்கடை அந்தப் பக்கமில்ல இருக்கு? எப்படித் தாண்டுறது?"

ரோட்டில் பஸ்ஸும் லாரியும் இடைவெளியில்லாமல் போய்க்கொண்டிருந்தன. கலைமகள் கையை நீட்டி ஒரு பஸ்ஸை நிறுத்தி, அவரை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டாள். மறுநாள் காலையில் பகலவனை வரவழைத்து, அதே இடத்தில் ரோட்டைத் தாண்டச் சொன்னாள்.