ஆதாரத்துக்கு ஒரு படம்

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வானதி கணினி ஆசிரியை. இணையத்தில் தன் விவரங்களைக் காத்துக்கொள்வது எப்படி என்று பதினொன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்திவிட்டு வெளியே வந்தவள் பின்னாலேயே பூமிகா வந்தாள்.

“மிஸ், முகம் தெரியாதவங்களுக்கு ஊரு பேரு சொல்லக்கூடாதுன்னீங்க. நம்ம ஸ்கூலே எல்லாத்தையும் சொல்லியிருக்கே.”

போனை நீட்டினாள். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய படம், பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில். கீழே அவள் பெயர், வகுப்பு, அப்பா மஸ்கட்டில் இருப்பது, எந்த வாய்க்கால் மதகடியில் பஸ் ஏறுகிறாள் என்பதுவரை இருந்தது. கிராமத்துப் பிள்ளையின் சாதனையை உலகம் அறிய வேண்டுமாம். உலகம் அறிந்துவிட்டது. ‘நாளைக்கு மதகடியில நிக்கவா?’ என்று எவனோ மெசேஜ் அனுப்பியிருந்தான்.

வானதி உடனே பூமிகாவின் அம்மாவுக்குப் போன் போட்டாள். மகளை இனித் தானே பஸ் ஏற்றிவிடுவதாக அவள் சொன்னாள். போலீஸிலும் புகார் கொடுத்தார்கள். பிறகு வானதி நேரே தலைமையாசிரியர் தமிழ்மாறனிடம் போனாள்.

“படத்தை எடுத்துடுங்க சார்.”

“எப்படிங்க எடுக்கறது? லைக் கொட்டுது, அட்மிஷன் நேரம் வேற. மெசேஜ் அனுப்பினவனை பிளாக் பண்ணச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை இணையப் பாதுகாப்புக் கருத்தரங்கு இருக்கு, அதை லைவ்ல போடணும். நான் சொல்றவரைக்கும் நிறுத்தக்கூடாது.”

வெள்ளிக்கிழமை மாவட்ட அதிகாரி ஒருவர் வந்து முழங்கினார். தண்ணீர் காணாத நாற்றுப்போல் பிள்ளைகளின் தலைகள் சாய்ந்தன. அவர் கார் கிளம்பியதும் தமிழ்மாறன் கேமராவுக்கு நேராக உட்கார்ந்து வடையைக் கடித்தார்.

“சார், லைவ்…” என்றாள் வானதி.

“லைவ்தான் அவரோட முடிஞ்சுதே! அப்பாடா, போனாரு. பாஸ்வேர்டை பாசுமதிங்கறாரு. இவரெல்லாம் அதிகாரி!”

தன் பேச்சை மறுபடி கேட்டு ரசிக்க ஆசைப்பட்ட அதிகாரி, காரில் அந்த லைவைத்தான் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்மாறனின் போன் அடித்தது. எழுந்து நின்று, எண்ண முடியாத அளவுக்கு ‘ஐயா’ சொன்னார். போனை வைத்ததும் கத்தினார்.

“யாரைக் கேட்டு என் மூஞ்சிய ஊருக்கெல்லாம் காட்டுனீங்க?”

“அதையேதான் சார் பூமிகாவும் கேக்கறா.”

சாயங்காலத்துக்குள் பள்ளியின் பக்கத்திலிருந்து வடைக் காட்சி போயிற்று. பூமிகாவின் படமும், மற்றப் பிள்ளைகளின் படங்களும் கூடவே போயின. மதகடிக்கு எவனும் வரவில்லை.

திங்கட்கிழமை தமிழ்மாறன் பரபரப்பாக வந்தார். “படங்களை நீக்கிட்டோம்னு அதிகாரிக்கு ஆதாரம் அனுப்பணுமாம். எந்தெந்தப் பிள்ளைங்க படத்தை எடுத்தோமோ அவங்களை வரிசையா நிறுத்தி ஒரு போட்டோ எடுங்க. கையில பேர் எழுதின அட்டை இருக்கட்டும்.”

பிள்ளைகள் நின்றார்கள். நடுவில் தமிழ்மாறன் சிரித்துக்கொண்டு நின்றார். வானதி கேமராவை உயர்த்தியதும் பூமிகா சட்டென்று திரும்பி முதுகைக் காட்டினாள். அடுத்தவள் திரும்பினாள். பிறகு வரிசை மொத்தமும். கேமராவையே பார்த்துக்கொண்டிருந்த தமிழ்மாறனுக்கு அது தெரியவில்லை.

வானதி அழுத்தினாள். “ரொம்ப நல்லா வந்திருக்கு சார்,” என்றாள்.