பெயர்நாளுக்குக் கொடுத்த பச்சை

காளான் காலம் பிறந்துவிட்டால் லுப்லின் பக்கத்தில் யாருக்கும் கால் வீட்டில் தங்காது. பறித்து வந்ததைத் தின்னலாமா என்று பார்த்துச் சொல்வது சுகாதார அலுவலகத்தில் கிங்காவின் வேலை. மாலையில் அதையே போலந்துக் காளான் குழுவின் இணையதளத்துக்குச் சம்பளமில்லாமல் செய்தாள். முந்நூறு பக்கங்கள் அவள் எழுதியவை.

பக்கத்தின் மேலே பச்சை இருந்தால் தின்னலாம், சிவப்பு இருந்தால் தொடக்கூடாது. அந்த நிறத்தை மாற்றும் உரிமையைத் தலைவர் ஸெனோன்தான் கொடுக்க வேண்டும். கிங்கா மூன்று முறை கேட்டாள். "ஒங்களுக்கு வாய் ஜாஸ்தி" என்று மூன்று முறையும் தட்டிக்கழித்தார்.

செப்டம்பர் இருபத்தெட்டு, வாட்ஸ்வாவ் என்று பெயர் வைத்தவர்களுக்கெல்லாம் பிறந்தநாளைப் போலக் கொண்டாடும் பெயர்நாள். ஸெனோனோடு மீன் பிடிக்கப் போகும் வாட்ஸ்வாவுக்குக் குழுவில் கேக் படமும் வோட்காப் படமுமாகக் குவிந்தன. ஸெனோன் கொடுத்த பரிசு, நிறம் மாற்றும் உரிமை.

மறுநாளே அந்த மனிதர் ஒல்ஷுவ்காக் காளானைச் சிவப்பிலிருந்து பச்சையாக்கினார். 'நாற்பது வருஷமாகத் தின்கிறேன். இரண்டு தண்ணீர் வடித்தால் போதும்' என்று காரணம் வேறு. எத்தனை தண்ணீர் வடித்தாலும் அதன் நஞ்சு போகாது என்று கிங்கா எழுதியிருந்த பத்தியையும் வெட்டி எறிந்திருந்தார்.

கிங்கா ஸெனோனைத் தொலைபேசியில் பிடித்தாள். "ஆளுங்க செத்துருவாங்க. உடனே சிவப்பாக்குங்க."

"விடுங்க கிங்கா. குடுத்த பரிச மறுநாளே புடுங்கச் சொல்றீங்களா? ஒங்க பெயர்நாள் ஜூலைலதானே? அப்ப ஒங்களுக்கும் தர்றேன்."

கிங்கா தொலைபேசியை வைத்தாள். உயிர் போகிற காரியத்தைக் கேக் துண்டாக நறுக்கிக் கொடுக்கிற இந்த ஆளோடா ஆறு வருஷம் குப்பை கொட்டினோம் என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பக்கத்தின் அடியில் எச்சரிக்கை எழுதினாள். 'பொறாமை' என்று சொல்லி வாட்ஸ்வாவ் அதையும் அழித்தார்.

மூன்றாம் நாள் காலையில் தபால்காரச் சீருடையில் ஒரு பெண் கூடையோடு அலுவலகத்துக்கு வந்தாள்.

"இத ஊறுகா போடலாமாம்மா?"

கூடை நிறைய ஒல்ஷுவ்கா.

"குப்பையில போடுங்க. விஷம்."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? நேத்தே வறுத்துச் சாப்ட்டோமே. நான், வீட்டுக்காரர், ரெண்டு புள்ளைங்க." அவள் கைப்பேசியை நீட்டினாள். பச்சை.

"கண்டவனும் மாத்தி வச்சிருக்கான். அத நம்பலாமா?"

"கண்டவன் இல்லம்மா." அந்தப் பெண் பக்கத்தின் அடியில் விரலை வைத்தாள். எழுதியவர் கிங்கா, சுகாதார அலுவலகம். "இந்தப் பேரப் பாத்துத்தான் வாணலியிலயே போட்டேன். நீங்கதானே அது?"

"நான்தான்" என்று சொல்லிவிட்டு, கிங்கா ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினாள்.