குழந்தைகளே பெருக்கிக்கொள்ளும்

தினமும் விடிவதற்கு முன்பே ஆயா கனகவல்லி தெருமுனை அடிபம்போடு மல்லுக்கு நிற்பாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்த வருஷம் அது. பங்குனியிலேயே செம்பாக்கம் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அடித்தால் முதலில் காற்றுதான் வரும். பிறகு துரு வாடையோடு தண்ணீர் நூலாக ஒழுகும். ஒரு குடம் நிறைவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். அப்படிச் சுமந்து பள்ளிக்கூடத்து டிரம்மை நிரப்பி, குழந்தைகளின் கக்கூஸைக் கழுவி, கூடத்தைத் துடைத்து, பாய்களை உதறி அடுக்கி, குழந்தைகள் அடுக்கிப் பழகும் மரக்கட்டைகளின் தூசியைத் தட்டி வைப்பாள். டீச்சரான நான் தாம்பரத்தில் பஸ் பிடித்து வந்து சேரும்போது அவள் முந்தானையைப் பிழிந்துகொண்டிருப்பாள்.

எங்கள் மாண்டிசோரி பள்ளியின் கரெஸ்பாண்டென்ட் பத்ரிநாராயணன் அந்நேரம் மாடியில் இரண்டாவது காபியில் இருப்பார். மாண்டிசோரி அம்மையாரின் படத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்து ஊதுபத்தி காட்டுவது ஒன்றுதான் அந்தப் பள்ளிக்காக அவர் தன் கையால் செய்த வேலை. அந்த அம்மாளின் புத்தகம் ஒன்றைப் படித்திருந்தார். அதிலும் முன்னுரையைத் தாண்டவில்லை என்பது எங்கள் சந்தேகம். பெற்றோர் வந்தால் "குழந்தைதான் சார் தெய்வம்" என்பார். நாங்கள் சம்பள உயர்வைப் பற்றி வாயெடுத்தால் "இது ஸ்கூல் இல்ல, குடும்பம்" என்பார். அந்தக் குடும்பத்தில் சாப்பாடு அவருக்கு, பாத்திரம் தேய்ப்பது எங்களுக்கு.

ஒரு நாள் காலையில் கனகவல்லி இடுப்புக் குடத்தோடு பாத்ரூம் படியில் வழுக்கி விழுந்தாள். அந்தப் படி உடைந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பூசச் சொல்லிக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அவளுடைய மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. வேன் ஓட்டும் சவுரிமுத்து அவளைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தபோது சார் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சவுரி, மத்தியானம் குழந்தைகளைக் கொண்டு விடறதுக்குள்ள வண்டி வந்துடுமோல்லியோ?"

"அக்காக்கு கை ஒடிஞ்சிகீது சார்."

"அதான் கேக்கறேன்."

அடுத்த வாரமே கையில் புத்தூர்க் கட்டோடு அவள் வந்து நின்றாள். புருஷன் இல்லாத வீடு. அவள் சம்பளத்தில்தான் இரண்டு பெண்களுக்கும் சோறு. கை கூடும் வரைக்கும் வேறு ஆளை வைத்துக்கொண்டு, பிறகு தன்னையே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டாள். அதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் சார் டீச்சர்கள் நான்கு பேரையும் கூப்பிட்டார். கனகவல்லி வாசலோரம் நின்றாள்.

"மாண்டிசோரி மெத்தட்ல ஆயான்னு ஒரு போஸ்டே கிடையாது. குழந்தை தானே பெருக்கணும், தானே துடைக்கணும். இத்தனை நாளா நாமதான் தப்புப் பண்ணிண்டிருந்தோம். கனகவல்லி, நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்."

அவள் எலும்பு முறிந்த பிறகுதான் அவருக்கு இந்த ஞானம் பிறந்திருக்கிறது.

எங்களில் மூத்தவரான ரத்தினபாய் டீச்சர் எழுந்தார். "சார், குழந்தை பெருக்குறது அதுக்குக் கை பழகத்தான். ஸ்கூலைச் சுத்தம் பண்றதுக்கு இல்ல. ரெண்டரை வயசுக் குழந்தை டிரவுசர்லயே போயிட்டா யார் கழுவுறது?"

"நீங்கள்லாம் இருக்கேளே. குடும்பம்தானே?"

கனகவல்லிக்கு வேலை இல்லை என்றபோது தரையைப் பார்த்த எங்கள் தலைகள் இப்போது சடாரென நிமிர்ந்தன. ஆயா வேறு, டீச்சர் வேறு என்று படித்தவர்கள் போட்டுக்கொள்ளும் கோடு இருக்கிறதே, முதலாளிக்கு அதைவிட நல்ல காவல்காரன் கிடையாது. அவர் அதோடு நிறுத்தியிருந்தால் நாங்கள் முணுமுணுத்துவிட்டு வாளியைத் தூக்கியிருப்போம். ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத மனிதர்.

"இன்னும் சொல்லப்போனா டீச்சரே தேவையில்ல, தெரியுமோ? குழந்தை தானே கத்துக்கும். பக்கத்துல யாராவது சும்மா உக்காந்திருந்தா போறும். அதுக்கு எதுக்கு ட்ரெயினிங், சம்பளம்? பிளஸ் டூ முடிச்ச பொண்ணு போறாதா?" சொல்லிவிட்டுத் தானே ரசித்துச் சிரித்தார்.

வெளியே வந்ததும் கனகவல்லி என்னிடம் சொன்னாள்.

"கேட்டுக்கினீங்களா சாராள் டீச்சர்? எனக்கு இன்னிக்கி. உங்களுக்கு நாளிக்கின்னு அவரே சொல்லிட்டாரு."

அன்று நாங்கள் யாரும் நேரே வீட்டுக்குப் போகவில்லை. வேனுக்குள் உட்கார்ந்து பேசினோம். சனிக்கிழமை பெற்றோர் வருகிற நாள். குழந்தைகள் கட்டைகளை வைத்துப் பழகுவதைச் சுவரோரம் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

"அன்னிக்கு நாம யாரும் எந்த வேலையும் தொடக் கூடாது" என்றார் ரத்தினபாய்.

"வேலை போயிட்டா?" என்றேன்.

"இருந்தா மட்டும் எத்தனை நாளைக்கு?"

சவுரிமுத்து ஸ்டியரிங்கைத் தட்டினான். "நானும் வண்டிய எடுக்க மாட்டேன் டீச்சர். அவங்க அவங்க கொயந்தைய அவங்களே இட்டுகினு வரட்டும்."

சனிக்கிழமை டிரம்மில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு பாயும் விரிக்கவில்லை. குழந்தைகளின் குட்டி நாற்காலிகளைக் கூடத்தின் நடுவே போட்டு, முழங்கால் மோவாயில் இடிக்க வரிசையாக உட்கார்ந்தோம். நடுவில் கனகவல்லி. இத்தனை வருஷமாகத் துடைத்துத் துடைத்து வைத்த நாற்காலியில் அவள் அன்றுதான் முதல் முறையாக உட்கார்ந்தாள்.

குழந்தைகளோடு வந்த பெற்றோரிடம் ரத்தினபாய் நடந்ததைச் சொன்னார். கனகவல்லியைத் திரும்ப எடுக்கும்வரை இப்படித்தான் என்றார். சிலர் முகம் சுளித்துத் திரும்பிப் போனார்கள். ஒரு தாய் மட்டும் உள்ளே போய் உடைந்த படியைப் பார்த்துவிட்டு வந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

ஊதுபத்தி வாசனையோடு சார் இறங்கி வந்தார். குரலில் தேன் வழிந்தது.

"ரத்தினபாய், சித்த உள்ள வாங்கோ. உங்களை ஹெட்மிஸ்ட்ரஸ் ஆக்கற விஷயமா தனியாப் பேசணும்."

"இங்கேயே பேசுங்க சார். எல்லாருக்கும் கேக்கட்டும்."

தேன் வற்றிவிட்டது. "அப்ப எல்லாரும் எழுந்து போகலாம். திங்கட்கிழமை வேற டீச்சர்ஸ் வருவா."

"வரட்டும் சார். அவங்ககிட்டயும் சொல்லுவோம்."

அவர் இரண்டடி முன்னால் வந்தார். பழக்கதோஷம், கனகவல்லி சட்டென்று எழப் பார்த்தாள். ரத்தினபாய் அவளுடைய நல்ல கையைப் பிடித்து நிறுத்தினார்.

"உக்காருங்க கனகவல்லி" என்றார். "சார் நின்னுகிட்டே பேசட்டும்."