பட்டப்பகல் காட்சி

காலை பத்தரை மணிக்கே திரைப்படக் கல்லூரியின் அரங்கு நிரம்பிவிட்டது. மேடையில் மூன்று நாற்காலிகள். நடுவில் கல்லூரிப் பேராசிரியர், கையில் கேள்விகள் எழுதிய அட்டைகளோடு. அவருக்கு வலப்பக்கம் டீச்சர். சினிமாவுக்கு வருமுன் ஆறு வருடம் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவள். ஐந்து பேய்ப் படம் எடுத்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. இடப்பக்கம் ஒல்லி. உதவி இயக்குநராக இருந்த காலத்தில் மின்விசிறியைப் போட்டால் அவனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கேலி செய்வார்கள். இப்போது நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் நடுவே அவன் கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் உட்கார்ந்திருந்தான். ஆனாலும் ஒல்லிதான்.

இருவரும் ஒரே இயக்குநரிடம் தொழில் கற்றவர்கள். ஒரே வேனில் ஏறி, ஒரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டவர்கள். டீச்சரின் முதல் படம் வந்த வாரத்தோடு பேச்சு நின்றது. பதினான்கு வருடம் ஆகிறது. பேராசிரியருக்கு இது தெரியாது. "பேய்ப் படத்துக்கு இரண்டு தூண்கள்" என்று இருவரையும் அறிமுகப்படுத்தினார். தூண்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

"பயம்னா என்ன?" என்று ஆரம்பித்தார் பேராசிரியர்.

"எனக்கு அது கணக்குதான்" என்றாள் டீச்சர். "சமையலறைக் காட்சி ஒண்ணு எடுக்கிறோம்னு வெச்சுக்குங்க. ஆரம்பத்துலேருந்து ஃபிரிட்ஜ் சத்தம் ஓடிக்கிட்டே இருக்கும். யாரும் கவனிக்க மாட்டாங்க. பயமுறுத்தறதுக்கு நாலு செகண்ட் முன்னாடி அதை நிறுத்திடுவேன். எது நின்னுச்சுன்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியாது. ஏதோ நின்னுடுச்சுன்னு உடம்புக்கு மட்டும் தெரியும். மூணு செகண்டுன்னா பத்தாது. அஞ்சுன்னா சுதாரிச்சுக்குவாங்க."

மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

"சார், உங்களுக்கு?"

ஒல்லி மைக்கை எடுத்தான். "எனக்குப் பேய் மேல இரக்கம் வந்துடுது. அதான் என் வியாதி. என் மூணாவது படத்தைப் பார்த்துட்டு ஒருத்தர், 'பாவம், அந்தப் பேய்க்கு ஒரு போர்வை கொடுத்திருக்கலாம்'னு விமர்சனம் எழுதினார். தயாரிப்பாளர் அதை போன்ல எனக்கு வாசிச்சுக் காட்டிட்டு வெச்சார். அப்புறம் நான் கூப்பிட்டா இன்னிக்கு வரைக்கும் எடுக்கல."

அரங்கு சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு வந்தது, உதட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். அந்தப் படத்தை அவள் யாருக்கும் சொல்லாமல் தனியாகப் போய்ப் பார்த்திருந்தாள். பயமே இல்லாத பேய்ப் படம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேயின் முகம் மனதை விட்டுப் போகவில்லை.

ஒரு மணி நேரம் போனது. கடைசியில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "மேடம், உங்க முதல் படத்துல அந்த மதியச் சாப்பாட்டுக் காட்சி. அதைப் பார்த்துட்டுத்தான் நான் இங்க சேர்ந்தேன். அது உங்களுக்கு எங்கேருந்து கிடைச்சுது?"

எல்லோரும் கேட்கிற கேள்விதான். பட்டப்பகல். ஜன்னல் வழியே நல்ல வெயில். மேசையில் இரண்டு தட்டு. ஒரு பெண் உட்கார்ந்து எதிரே உள்ள காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாதி திறந்த கதவு வழியாக அவள் மகன் பார்க்கிறான். அவள் எதுவும் பேசுவதில்லை. பிறகு அந்த நாற்காலி ஒரு விரற்கடை நகர்கிறது. அவ்வளவுதான் காட்சி. டீச்சருக்குப் பெயர், வேலை, வீடு எல்லாம் அந்த விரற்கடையில் வந்தவை. "கனவுல வந்துச்சு" என்று பதினான்கு வருடமாகச் சொல்லி வந்தாள். சொல்லிச் சொல்லி, கனவு கண்டது போலவே ஆகியிருந்தது.

இன்று அதே மேடையில், பேராசிரியருக்கு அந்தப் பக்கம் ஒல்லி உட்கார்ந்திருந்தான்.  

"அது கனவு இல்ல" என்றாள் டீச்சர். "இத்தனை நாளா நான் சொன்னது பொய். அந்தக் காட்சி என்னோடது இல்ல. அது..."

"கனவுதான்" என்றான் ஒல்லி, அவள் முடிக்குமுன்.

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"மேடம் அடக்கமா பேசறாங்க. அப்ப நான் பக்கத்து சீட்ல இருந்தேன். மழை விடறதுக்காக வேன்ல காத்துக்கிட்டிருந்தோம். தூங்கி எழுந்து, 'ஒரு கனவு கண்டேன்டா'ன்னு என்கிட்டதான் முதல்ல சொன்னாங்க. நானே சாட்சி." சிரித்துக்கொண்டே மைக்கைப் பேராசிரியரிடம் கொடுத்தான். "அடுத்த கேள்வி?"

நிகழ்ச்சி முடிந்ததும் இருவரையும் விருந்தினர் அறையில் உட்காரவைத்துவிட்டு, குழுப் புகைப்படம் எடுக்க ஆள் கூட்டிவரப் போனார் பேராசிரியர். கதவு சாத்தியதும் டீச்சர் திரும்பினாள்.

"ஏன்டா அப்படிச் சொன்ன? உண்மையைச் சொல்லணும்னு வாயைத் திறந்தேன். பதினாலு வருஷத்துல முதல் தடவை."

"யாரோட உண்மையை?"

ஒல்லி மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தான்.

"அன்னிக்கு என்னைக் கேக்காம எடுத்த. இன்னிக்கு என்னைக் கேக்காமத் திருப்பிக் கொடுக்கப் பார்த்த. ரெண்டும் ஒண்ணுதான், டீச்சர். எங்க அம்மா இன்னும் இருக்காங்க. நீ சொல்லி முடிச்சிருந்தா, சாயங்காலத்துக்குள்ள எவனாவது கேமராவைத் தூக்கிட்டு வந்து எங்க வீட்டு வாசல்ல நின்னிருப்பான். 'அந்தப் பேய்ப்பட அம்மா இவங்கதான்'னு."

டீச்சருக்கு முகம் சிவந்தது. அவள் அதை யோசிக்கவே இல்லை. மனப்பாரம் இறங்கினால் போதும் என்றுதான் இருந்தாள்.

"நான் ஜெயிச்சது உனக்குப் பிடிக்கலைன்னு நினைச்சேன்" என்றாள். "அப்படி நினைச்சுக்கிறது எனக்கு வசதியா இருந்துச்சு."

"முதல் ஆறு மாசம் அதுவும்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. வயிறு எரிஞ்சுது. தானா ஆறியிருக்கும். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை உன் படத்தை டிவியில போட்டான். அம்மா உட்கார்ந்து பார்த்தாங்க. சேனலை மாத்தலாம்னு ரிமோட்டைத் தேடறேன், அது அவங்க மடியில இருக்கு." ஒல்லி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடினான். "முழுசாப் பார்த்தாங்க. முடிஞ்சப்புறம் என்னைப் பார்த்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. 'நான் உனக்குப் பயமாவாடா தெரிஞ்சேன்?'"

வெளியே மாணவர்கள் கத்திக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்டது.

"அப்பா போனப்புறம் அவங்க மத்தியானத்துல ரெண்டு தட்டு வெச்சுச் சாப்பிடுவாங்க. நான் ஸ்கூல்ல இருக்கிற நேரம் பார்த்து. எனக்குத் தெரியக்கூடாதுன்னுதான். எனக்குத் தெரியும்னு அவங்களுக்கு இருபத்தஞ்சு வருஷமா தெரியாது. வேலைக்குப் போனப்புறம்கூட, மத்தியானம் வீட்டுக்கு வந்தா ரெண்டு மாடி கீழேயே சாவியைக் குலுக்கிக்கிட்டு வருவேன். உன் படம் வந்தப்புறம் அந்த ரெண்டாவது தட்டு நின்னு போச்சு. அதுக்கப்புறம் எனக்கும் பயமுறுத்தற காட்சி வரல. ஷாட் வெச்சா, இது யார் அம்மாவோன்னு தோணிடும்."

டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு, "அவங்களை நான் பார்க்கலாமா?" என்று கேட்டாள். "இந்தத் தடவை கேட்டுட்டுத்தான் வரேன்."

ஒல்லி அறையின் மூலைக்குப் போய் போனில் பேசினான். திரும்பி வந்தவன், "சாப்பிட்டுட்டு வருவாளா, இங்க வந்து சாப்பிடுவாளான்னு கேக்கறாங்க" என்றான்.

குழுப் புகைப்படத்துக்கு அவர்கள் நிற்கவில்லை.

மூன்றாவது மாடி வீடு. லிஃப்ட் கிடையாது. அம்மா கதவைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, டீச்சரை மேலும் கீழும் பார்த்தாள். எழுபத்தெட்டு வயது. பார்வையில் எழுபத்தெட்டு தெரியவில்லை.

"டிவியில பார்த்ததுக்குக் குள்ளமா இருக்க. உள்ள வா."

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். டீச்சர் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றாள் மொட்டையாக.

"மன்னிச்சாச்சுன்னு சொல்லிட்டா நீ எழுந்து போயிடுவ. முதல்ல சாப்பிடு. எனக்கு உன்கிட்ட ஒரு கேள்வி இருக்கு." அம்மா பரிமாறிக்கொண்டே கேட்டாள். "அந்தப் பொம்பள ஏன் வாயையே திறக்கல?"

இத்தனை வருடத்தில் எந்த விமர்சகரும் இதைக் கேட்டதில்லை. டீச்சருக்குத் தொழில் பதில்தான் வந்தது. "பேசினா பயம் போயிடும்மா. என்ன பேசறான்னு தெரிஞ்சுட்டா அவ சாதாரணப் பொம்பள ஆயிடுவா. அதனால வசனத்தை வெட்டிட்டேன்."

"அப்போ தெரிஞ்சுதான் செஞ்சிருக்க."

"ஆமாம்மா."

"நான் பேசிக்கிட்டேதான் இருந்தேன். வாய் ஓயாது. குழாய் ஒழுகுது, மேல் வீட்டுக்காரன் சண்டைக்கு வரான், உங்க தம்பி போன் பண்ணவே இல்ல, இவன் கணக்குல பதினெட்டு மார்க் வாங்கிட்டு வந்திருக்கான். அவர்கிட்ட வேற யார் இதெல்லாம் சொல்லுவா?"

"இருபத்திரண்டு" என்றான் ஒல்லி.

"பதினெட்டு. கையெழுத்துப் போட்டவ நான்."

டீச்சர் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான், இந்த வீட்டில் சிரிக்கத் தனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. அம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை.

"உன் படத்தைப் பார்த்தப்புறம் எனக்குக் கூச்சமாப் போச்சு. தட்டை எடுக்கும்போதெல்லாம் யாரோ கதவுக்கிட்ட நிக்கிற மாதிரி இருக்கும். அதான் விட்டுட்டேன். அதுல பாதி உன் தப்பு." மகன் பக்கம் திரும்பினாள். "பாதி உன் தப்பு. பன்னிரண்டு வயசுல என்னைப் பார்த்துப் பயந்திருக்க. என்கிட்ட சொல்லல. இவகிட்டதான் சொல்லியிருக்க. கதவுக்கு இந்தப் பக்கம் ரெண்டு அடி எடுத்து வெச்சிருந்தா, உன் மார்க்கைப் பத்திப் பேசறது காதுல விழுந்திருக்குமே."

ஒல்லி தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். "முணுமுணுன்னு கேட்டுச்சும்மா. வார்த்தை புரியல. தலை சுத்திக்கிட்டிருந்துச்சு. திரும்பி ஓடிப்போய் ஸ்கூல் படிக்கட்டுலேயே நாலு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்."

"ஏன் தலை சுத்துச்சு?"

"காய்ச்சல். அதான் ஸ்கூல்ல பாதியிலேயே அனுப்பிட்டாங்க."

அம்மாவின் கையில் இருந்த கரண்டி நின்றது. "காய்ச்சலா? எனக்குத் தெரியாதே. நீ சாயங்காலம் எப்பவும் போலத்தானே வந்த."

"சொல்லல."

அவள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள். மேசையைச் சுற்றி வந்து, ஐம்பது வயது மகனின் நெற்றியில் புறங்கையை வைத்தாள். வைத்தது வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். ஒல்லி அசையவில்லை. அவன் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தான்.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். தொழில் பழக்கத்தில் கண் தானாகவே ஒரு ஃபிரேம் வைத்துப் பார்க்கத் தொடங்கியிருந்தது. கை எங்கே, வெளிச்சம் எங்கே, எவ்வளவு நேரம் என்று. அவள் வேண்டுமென்றே அதை விட்டுவிட்டுத் தன் தட்டையே பார்த்தாள். இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை என்று முடிவு செய்தாள்.

கிளம்பும்போது வாசலில் அம்மா சொன்னாள்: "இனிமே யாராவது கேட்டா கனவுன்னு சொல்லாத. ஒரு பொம்பள அவ வீட்டுக்காரர்கிட்ட குடும்ப விஷயம் பேசிக்கிட்டிருந்தா, அதைப் பேய்னு நினைச்சுட்டேன்னு சொல்லு. பேரெல்லாம் வேண்டாம்."

"சரிம்மா."

"மன்னிக்கிறதைப் பத்தி அப்புறம் பார்க்கலாம். இன்னொரு நாள் வா."

ரயில் நிலையம் வரைக்கும் கொண்டுவிடுவதாக ஒல்லி காரை எடுத்தான். மூன்றாவது சிக்னலில், சாலையைப் பார்த்தபடியே, "ஒரு கதை எழுதி வெச்சிருக்கேன்" என்றான். "நாலு வருஷமாச்சு. இடைவேளைக்கு அப்புறம் நகர மாட்டேங்குது."

"சொல்லேன். உனக்கு இஷ்டம்னா."

"சொன்னா எடுத்துக்க மாட்டியே?"

டீச்சர் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அவன் கேலியாகத்தான் கேட்டிருந்தான். முழுக்கக் கேலியும் இல்லை.

"எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றாள்.

அவன் சொல்ல ஆரம்பித்தான். கையை ஆட்டாமல் அவனுக்குக் கதை சொல்ல வராது. காரை ஓரமாக நிறுத்தினான். ஒரு பிணவறைக் காவலாளியின் கதை. பாதியிலேயே டீச்சர் குறுக்கிட்டாள். "இரு, இரு. கதவைத் திறந்தவுடனே அந்த ஆளைக் காட்டிடறியா?"

"ஆமா."

"தப்பு. அங்கதான் எல்லாம் போச்சு."

"நீ அப்படித்தான் சொல்லுவ. உனக்கு எல்லாத்தையும் மறைக்கணும். ஒரு தடவையாவது காட்டிப் பாரு."

"காட்டினா அதுக்கப்புறம் என்ன இருக்கு?"

"அந்த ஆள் இருக்கான், டீச்சர்! அவன் முகம் இருக்கு!"

உடனே ஒப்புக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டி, இங்கே நிறுத்தக்கூடாது என்றார். ஒல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். நூறு அடி தள்ளிப் போனதும் மறுபடி ஓரங்கட்டினான்.

"சரி" என்றாள் டீச்சர், ரயில் புறப்படும் நேரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு போனைக் கைப்பைக்குள் போட்டபடி. "காட்டிட்டேன்னு வெச்சுக்குவோம். அப்புறம்?"