வலப்பக்க இருக்கையின் எடை

டீசல் இஞ்சின் கூடவே கூடாது என்று ரோனான் முதலில் ஒற்றைக்காலில் நின்றான். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம், கொட்டகையில் அவனே மரத்தை இழைத்து ஒட்டிக் கட்டியது. பெட்ரோல் இஞ்சின் என்றால் எடை குறைவு, வீசுகிற காற்றே அதைக் குளிர்வித்துவிடும். டீசலோ வார்ப்பிரும்புக் கட்டி. தண்ணீர், ரேடியேட்டர், குழாய் என்று சீர்வரிசையோடுதான் வரும்.

அவன் மனைவி ஸ்வாஸிக் விடவில்லை. மோர்லே சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாகப் போய் ஊசி போடும் நர்ஸ் அவள். அவளுடைய சின்ன டீசல் காரை ஒரு பால் லாரி பின்னாலிருந்து நசுக்கிவிட்டது. இஞ்சினில் மட்டும் ஒரு கீறல் இல்லை.

"எத்தனை மழை, எத்தனை சேத்துப் பாதை! ஒரு நாளாவது என்னை நடுவழியில விட்டிருக்கா இது? உன் பெட்ரோல் சீமாட்டியை நம்பி நான் ஏற மாட்டேன். இதைப் போடு, ஏறுறேன்."

அவள் ஏறத்தானே விமானமே கட்டுகிறான்? இறங்கிவந்தான்.

இஞ்சினைப் பொருத்தி முடித்த வசந்தத்தில் அவளுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. கோடையைத் தாண்டுவது கஷ்டம் என்றார் டாக்டர். அதன்பின் ரோனானுக்கு உலகத்தில் ஒரே வேலைதான். ஒருமுறையாவது அவளை மேலே கூட்டிப்போய், அவள் ஊசி போட்ட ஊர்களையெல்லாம் காட்டிவிட வேண்டும்.

சட்டம் குறுக்கே நின்றது. சோதனைப் பறப்புகள் முடிந்து அனுமதி வரும்வரை பக்கத்து இருக்கையில் ஆள் ஏறக் கூடாது. ஆளுக்குப் பதில் மணல் மூட்டை ஏறலாம். ரோனான் ஸ்வாஸிக்கின் எடைக்கே மூட்டை கட்டினான். தனியாகப் பறந்தவரை தொல்லை இல்லை. மூட்டை ஏறியதும் விமானம் மெதுவாகத்தான் மேலே போனது. உயரம் எட்டும்வரை முழு வீச்சில் திணறிய இஞ்சினில் தண்ணீர் கொதித்து, வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. பாதியிலேயே இறங்க வேண்டியதாயிற்று.

விமானத்தின் வயிற்றடியில் ரேடியேட்டருக்குக் காற்று நுழையும் வாயைப் பெரிதாக்கினான். பலனில்லை. மறுபடி பெரிதாக்கினான். பக்கத்துக் கொட்டகை எர்வான் குனிந்து பார்த்துச் சிரித்தான்.

"வாயை மட்டும் பொளந்துக்கிட்டே போறியே, பின்னாடி வழி விட வேணாமா? தின்னவன் கதி என்னாகும்?"

ரோனான் காற்று வெளியேறும் பின்வழியை அகலமாக்கினான். சும்மா சொல்லக் கூடாது, சூடு கொஞ்சம் குறைந்தது. ஆனால் முள் இன்னும் சிவப்பைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. கோடை முழுக்க அதே கவலை. இடையில் அவளைப் பார்க்க வரும் வேறொரு நர்ஸ் வாரந்தோறும் எடை பார்ப்பாள். ஸ்வாஸிக் படுக்கையிலிருந்தே குரல் கொடுப்பாள்: "ரெண்டு கிலோ கொட்டிடு, கிழவா!" அவன் சொன்னபடி கொட்டகைக்குப் பின்னால் மணலைக் கொட்டுவான். அந்த மூட்டை அவனுக்கு எடையாகவே தோன்றவில்லை. அது ஸ்வாஸிக், அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் அவன் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தான்.

"கொதிக்கிறது நின்னுடுச்சு ஸ்வாஸிக்! உச்சிக்குப் போற வரைக்கும் முள்ளு சிவப்பைத் தொடவே இல்ல. இந்த வெயில்லயும்! பின்வழியை இன்னும் கொஞ்சம் திறந்தேன் பாரு, அதான்!"

அவன் காலையில் சுட்டுக்கொடுத்த கலெத் தோசை ஒரு விள்ளல்கூடக் குறையாமல் தட்டில் கிடந்தது.

"எவ்வளவு மணல் வெச்சே?" என்றாள்.

"நீ எவ்வளவோ அவ்வளவு."

"அப்ப, முதல்ல வெச்சதுல பாதிக்குக் கொஞ்சம் மேல." அவள் சிரித்தாள். "அட மண்டு. குளிரவெச்சது உன் ஓட்டை இல்ல, நான்தான். இவ்வளவு நாளா என் இஞ்சினைத் திட்டினியே, போய் அதுகிட்ட மன்னிப்பு கேளு."

ரோனானுக்குச் சிரிப்பு வரவில்லை. வாராவாரம் தன் கையாலேயே அவளைக் கொட்டிவிட்டு வந்திருக்கிறான். அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குழந்தையாட்டம் அழுதான்.

"சட்டமாவது மண்ணாவது! நாளைக்கே கூட்டிட்டுப் போறேன். யார் கேக்கிறான்னு பாத்துடலாம்."

அவள் அவன் தலையைத் தடவினாள். "என்னால உக்காரவே முடியல, ரோனான். ரெண்டு வாரமாச்சு. நீ கவனிக்கல."

உண்மைதான், கவனிக்கவில்லை. கொதிக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவன், தலையணைகள் ஒவ்வொன்றாகக் கட்டிலைவிட்டு இறங்கியதைப் பார்க்கவில்லை. அவள் சாய்ந்திருந்த காலம் போய்ப் படுத்த படுக்கையாகியிருந்தாள்.

அவளை அடக்கம் செய்த பிறகு அனுமதி வந்தது.

"இனிமே ஆள் ஏறலாமாமே. நான் கூட வரட்டுமா?" என்றான் எர்வான்.

"வேணாம்டா."

மூட்டையும் இல்லாமல் ரோனான் தனியே கிளம்பினான். விமானம் துள்ளிக்கொண்டு ஏறியது. ப்ளூகோனூ, லான்மர், அவள் மழையில் கார் ஓட்டிப் போன ஊர்களெல்லாம் கீழே ஒவ்வொன்றாக வந்து போயின. இஞ்சின் பழைய காரின் குரலில் அலுக்காமல் ஓடியது. முள் நடுவில் நின்றது நின்றபடி இருந்தது. கோடை முழுக்க அவன் கும்பிட்டுக் கேட்ட இடம் அது.

"கொதிச்சுத் தொலையேன்," என்று இஞ்சினிடம் கெஞ்சினான். "ஒரு தடவை கொதியேன்."