படிவத்தின் பதினொன்றாம் வரி

மூன்று நாளாக ஒயூகி கேட்கிறான், கலோண்டு கூடை பின்னிக்கொண்டே பதில் சொல்கிறாள். அவன் நைரோபிப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்காரன். கம்பா மொழியை ஒலிப்பதிவு செய்ய கிட்டுயிப் பக்கம் வந்தவனை ஊர்த்தலைவர் அவள் முற்றத்தில் கொண்டுவந்து விட்டுப் போனார். இருவருக்கும் பொதுவான பேச்சு சுவாஹிலி.

அவன் சொந்த மொழி லுவோ, அதில் இந்தத் தொல்லை இல்லை. சுவாஹிலியிலும் அதன் பங்காளியான கம்பாவிலும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஒரு குலம் உண்டு. குலத்தின் அசை பெயரின் தலையில் நிற்கும். அதோடு விடாமல் பின்னால் வரும் பெரிய, சின்ன, ஒன்று, இரண்டு, விழுந்தது எல்லாவற்றின் தலையிலும் ஏறிக்கொள்ளும். 'ஒரு பெரிய நாற்காலி விழுந்தது' என்பது சுவாஹிலியில் 'கிட்டி கிக்குப்வா கிமோஜா கிமெஆங்குகா'. கல்யாணத்துக்குக் குடும்பம் மொத்தமும் ஒரே துணியில் தைத்துப் போட்டுக்கொண்டு வருகிற மாதிரி.

இதைக் கேட்க ஒருவன் பஸ் ஏறி வந்திருக்கிறான் என்பதுதான் கலோண்டுவுக்கு வேடிக்கை. மரம் விழுந்தது, மரங்கள் விழுந்தன, இரண்டு பெரிய மரங்கள் விழுந்தன. மூன்று நாளில் அவள் முற்றத்தில் விழாத பொருளே இல்லை.

பேராசிரியர் கொடுத்தனுப்பிய கேள்விப் படிவத்தின் பதினொன்றாம் வரியில் வண்டி நின்றது.

"ஒரு பிள்ளை, ரெண்டு பிள்ளைங்க. சொல்லுங்கக்கா."

"பிள்ளைங்க இருக்காங்க."

"எத்தனைன்னு சேர்த்துச் சொல்லணும்."

"இருக்கிறத்தனை பேர் இருக்காங்க."

உயிரோடிருக்கும் பிள்ளைகளை அங்கே யாரும் எண்ணுவதில்லை. எண்ணினால் குறையும். ஆடுகளையும் எண்ண மாட்டார்கள், முகத்தைப் பார்த்தே எது வரவில்லை என்று சொல்லிவிடுவார்கள். கலோண்டுவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் வாய் வராது.

பக்கத்தில் உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்த நாத்தனார் மும்புவாவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"வாத்தியாரே, ரெண்டு போலீஸ்காரங்கன்னு எழுதிக்கோங்க. அவங்க குறைஞ்சா ஊருக்கு நல்லதுதானே?"

"படிவத்துல பிள்ளைன்னுதான் இருக்கு. இதே படிவம் நாற்பது ஊருக்குப் போகுது. ஒரு வார்த்தை மாத்தினாலும் பேராசிரியர் ஒத்துக்க மாட்டார்."

"அவர் பிள்ளைங்களை எண்ணட்டுமே!"

"எண்ணிட்டார். மூணு."

மும்புவா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பேராசிரியருக்காக அவள் உண்மையிலேயே பயந்துவிட்டாள்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க?" என்று ஒயூகி இறங்கி வந்தான்.

"அவ பிள்ளைங்க என்ன தெருவுலயா கிடக்கு?" என்றாள் கலோண்டு.

ஒயூகி பேனாவை மூடினான். கெட்டவன் இல்லை, பாவம், படித்தவன். அன்று மத்தியான பஸ்ஸுக்கு அவன் கிளம்ப வேண்டும். வேலிப் பக்கம் கலோண்டுவின் பிள்ளைகள் ஒரு பழைய டயரை உருட்டிக்கொண்டு ஓடினார்கள். அவன் முகம் மலர்ந்தது.

"நீங்க எண்ண வேணாங்க்கா. நான் எண்ணுறேன், நீங்க கம்பாவுல திருப்பிச் சொன்னா போதும்."

அவன் ஆட்காட்டி விரல் நீண்டது. டயரை உருட்டிக்கொண்டு முன்னால் ஓடியவளின் மேல் போய் நின்றது.

"ஒண்ணு..."

மும்புவாவின் மடியிலிருந்து பயறு கொட்டியது. "அடேய், உள்ள ஓடுங்கடா!" என்று கத்தினாள். பிள்ளைகளுக்கு விளையாட்டாகத் தெரிந்தது, சிரித்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள். விரல் அடுத்தவனை நோக்கி நகர்ந்தது.

கலோண்டு எழுந்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். முழுக் கையாலும் பிடித்தாள்.

"நிறுத்துங்க. நான் சொல்றேன்." சொன்னாள்: "ரெண்டு பிள்ளைங்க."

மும்புவா நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணி..."

"இருக்கட்டும். அவங்களை எண்ணலாம். இனிமே அவங்களுக்கு என்ன ஆகப்போகுது?"

ஒரே மாதத்தில் தட்டம்மைக்குப் போனவர்கள் அந்த இருவரும். துவரஞ்செடிகளுக்கு அந்தப் பக்கம் புதைத்திருக்கிறது. அவர்களைப் பற்றி அவள் பேசி ஆறு வருடம் ஆகிறது.

அண்ணியும் நாத்தனாரும் தங்களுக்குள் பேசிக்கொண்டது கம்பாவில். ஒயூகிக்கு எண் மட்டும் பிடிபட்டது. விரலை விடுவித்துக்கொண்டு பரபரவென்று எழுதினான்.

"அருமை! இப்போ 'சின்ன' சேருங்க. கடைசியில 'போயிட்டாங்க'ன்னு முடிங்க."

கலோண்டு துவரஞ்செடிப் பக்கம் பார்த்தாள். பிறகு சொன்னாள். இரண்டு சின்னப் பிள்ளைகள் போய்விட்டார்கள். பிள்ளை என்பதன் தலையில் இருந்த அசை சின்ன என்பதிலும், இரண்டு என்பதிலும், போய்விட்டார்கள் என்பதிலும் பிசகாமல் வந்து நின்றது. மும்புவா தோள்துணியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எல்லாம் கச்சிதமா பொருந்துதுங்க்கா," என்றான் ஒயூகி. "ஆனா நடுவுல குரல் கம்மிடுச்சு. பதிவுக்காக இன்னொரு தடவை?"

கலோண்டு வேலிப் பக்கம் பார்க்காமல், இந்த முறை சத்தமாகவே சொன்னாள்.